இளையரசனேந்தல் டெஸ்ட்: ஊர் பேரை வெட்டாம ஸ்க்ரீன்ல வைக்கிறது எப்படி?

இன்னைக்கு லேஅவுட் பாடத்துக்கு ஒரே ஒரு ஊர் பேர் போதும்: இளையரசனேந்தல். கோவில்பட்டிக்கும் சங்கரன்கோவிலுக்கும் நடுவுல இருக்கற ஊர்.

நம்ம கண்ணுக்கு இதுல 9 எழுத்து. யூனிகோடுக்கு 13. ஏன்னா 'ளை'ல ள தனி, ஐகாரக் குறி தனி. 'ந்'ல ந தனி, புள்ளி தனி.

பஸ் டைம் ஆப்ல இடம் பத்தலன்னு பேரை 4 கேரக்டரோட வெட்டுறோம்னு வச்சுக்கோங்க. 'இளைய…'ன்னு வரும். சிவகங்கை மாவட்டத்து இளையான்குடியையும் அப்படியே வெட்டுங்க. 'யா'வோட துணைக்கால் போயிடும்; அதுவும் 'இளைய…'தான்! வேற வேற ஊர், ஸ்க்ரீன்ல ஒரே பேர். தப்பான பஸ்ல ஏறப்போறது பயணி.

அதனால பேரை கோடுல எண்ணி வெட்டாதீங்க. ரெண்டாவது வரிக்கு இறங்க விடுங்க. அதுக்குப் பெட்டியோட உயரத்தை ஒரு நம்பர்ல பூட்டக் கூடாது. ஆண்ட்ராய்டுல 'ராப் கன்டென்ட்' கொடுங்க. போன்ல எழுத்தைப் பெருசா வச்சுப் படிக்கிற பெரியவங்களுக்கும் அப்போதான் முழுசா தெரியும்.

அடுத்தது அலைன்மென்ட். பக்கத்துல பஸ் நேரம் பெரிய எழுத்துல இருந்தா, ரெண்டையும் சென்டர் பண்ணினா ஒண்ணு ஏறி ஒண்ணு இறங்கித் தெரியும். பேஸ்லைன்ல, அதாவது எழுத்து உட்கார்ற கோட்டுல, சேருங்க. பேர் ரெண்டு வரி ஆனாலும் முதல் வரியோட பேஸ்லைனைப் பிடிச்சா நேரம் நேரா நிக்கும்.

டெஸ்ட் பண்றப்போ 'தேனி' சரியா வந்துடுச்சுன்னு விட்டுடாதீங்க. இளையரசனேந்தல் போட்டுப் பாருங்க.