முன்முடி, பின்முடி

கார்த்திகை பிறந்ததிலிருந்து தை பிறக்கும் வரை தேனியிலிருந்து குமுளி போகும் சாலையில் தலையில் மூட்டையோடு சபரிமலைக்கு நடப்பவர்களைப் பார்க்காத நாள் இல்லை. வீரபாண்டியில் முல்லையாற்றில் ஒரு குளியல், சுருளி அருவியில் இன்னொன்று, பிறகு கூடலூர், லோயர் கேம்ப், அங்கிருந்து மலை ஏற்றம். பொட்டிப்புரத்திலிருந்தும், அந்தப் பக்கத்துத் தேவாரம், பண்ணைப்புரம், கோம்பை ஊர்களிலிருந்தும் நடக்கிற சாமிகள் உத்தமபாளையத்தில் இந்தச் சாலைக்கு வந்து சேர்கிறார்கள்.

இதே ஊர்களின் பிள்ளைகள் இப்போது வேறு விதமான பயணமும் போகிறார்கள். படிப்பு முடிந்தோ, வேலையை விட்டோ, மூன்று மாதம் ஆறு மாதம் இமயமலைப் பக்கம் சுற்றிவர 60 லிட்டர் முதுகுப்பை வாங்குகிறார்கள். வாங்கியதும் எதை எடுப்பது, எதை விடுவது என்ற திண்டாட்டம் தொடங்குகிறது. பை பெரிதாக இருப்பதால் எல்லாமே அவசியமாகத் தோன்றும். அவர்கள் கண்ணெதிரிலேயே பல தலைமுறையாகத் திருத்தித் திருத்தி வந்த ஒரு மூட்டை இருக்கிறது. இருமுடி என்ற அந்த மூட்டையைப் பக்தியின் அடையாளமாகப் பார்த்தே பழகியதால், அதற்குள் இருக்கும் பயண அறிவை நாம் சரியாகக் கவனித்ததில்லை.

இருமுடி ஒரே துணிப்பைதான், நடுவில் இறுக்கிக் கட்டி இரண்டாகப் பிரிக்கப்பட்டது. முன்முடியில் சாமிக்குக் கொடுக்க வேண்டியவை: நெய்த்தேங்காய், அரிசி, வெல்லம், வெற்றிலை பாக்கு, காணிக்கை. பின்முடியில் நடப்பவருக்கு வேண்டியவை: வழிக்கு அரிசி, தேங்காய், மற்ற தின்பண்டம். குருசாமி முன்னிலையில் கட்டு நிறைக்கும்போது அரிசியைக் கைப்பிடி கைப்பிடியாகப் போடுவார்கள். இந்த மூட்டை தலையில் இல்லாமல் பதினெட்டாம்படி ஏற முடியாது என்பது விதி.

நெய்த்தேங்காயைத் தனியாகச் சொல்ல வேண்டும். அதன் செய்முறை அத்தனை நேர்த்தியானது. நார் முழுவதும் உரித்து, ஓட்டை உப்புத்தாளால் வழவழவென்று தேய்ப்பார்கள். தேங்காயின் மூன்று கண்ணில் ஒன்று மட்டும் மெல்லியது, முளை வெளியே வருகிற வழி அது. அதைக் குத்தித் திறந்து நீரை வடித்துவிட்டு, உருக்கிய நெய்யை ஊற்றி அடைத்து மேலே மெழுகு வைப்பார்கள். நெய்யில் தண்ணீர் கிட்டத்தட்ட இல்லை என்பதால் கிருமிகள் வளர வழியில்லை, வாரக்கணக்கில் கெடாது. பாத்திரமோ கீழே விழுந்தால் எளிதில் உடையாத ஓடு. சன்னிதானத்தில் உடைத்ததும் நெய் அபிஷேகத்துக்குப் போகும், ஓடு ஆழி என்னும் தீக்குண்டத்தில் எரியும். திரும்பிச் சுமக்க அதிகம் மிஞ்சாது.

முன்முடி கோயிலில் தீர்கிறது, பின்முடி வழியில் தீர்கிறது. ஆக இருமுடிக்குள் தீராத பொருளுக்கு இடமே இல்லை. போர்வை, மாற்று வேட்டி, சொம்பு எல்லாம் தோளில் தொங்கும் ஜோல்னா பைக்குப் போய்விடும். உலகெங்கும் நெடுநடைக்காரர்கள் முதலில் கற்றுக்கொள்வதும் இந்தப் பிரிவினையைத்தான். உணவு, தண்ணீர், எரிபொருள் ஆகியவை நாளுக்கு நாள் குறையும். பை, படுக்கை, துணி, கருவிகள் முதல் நாள் இருந்த எடையிலேயே கடைசி நாள் வரை கூட வரும். அமெரிக்க நடைக்காரர்கள் இந்தத் தீராத எடையை மட்டும் தனியாக நிறுத்துப் பார்த்து, அது 4.5 கிலோவுக்குள் இருந்தால் மிக இலேசான மூட்டை என்று கணக்கு வைத்திருக்கிறார்கள். ஒரு கிலோ அவலைக் கூடுதலாக எடுப்பது சில நாள் சுமைதான். ஒரு கிலோ ஜீன்ஸ் பேண்ட்டைக் கூடுதலாக எடுத்தால் ஆறு மாதமும் அதைத் தூக்க வேண்டும். குறைக்கத் தொடங்க வேண்டிய இடம் தீராத பொருள்களின் பக்கம்தான்.

தீரும் பொருளிலும் கணக்கு உண்டு. மூட்டையோடு நாள் முழுக்க நடப்பவருக்கு 3,000 கலோரி போல வேண்டியிருக்கும் என்று வைத்துக்கொள்வோம். வெந்த சோற்றில் 100 கிராமுக்கு ஏறக்குறைய 130 கலோரி, மீதி பெரும்பாலும் தண்ணீர். முழுவதையும் சோறாகவே தூக்கினால் ஒரு நாளைக்கு இரண்டே கால் கிலோவுக்கு மேல் ஆகும். அவலில் 350 கலோரிக்குக் குறையாது, வெல்லத்தில் அதைவிடச் சற்றுக் கூடுதல், நிலக்கடலையில் 560 வரை, நெய்யில் 900 வரை. அவல், வெல்லம், கடலை கலந்து எடுத்தால் அதே 3,000 கலோரி முக்கால் கிலோவுக்குள் அடங்கிவிடும். அடுப்பும் வேண்டாம், பாத்திரமும் வேண்டாம். தண்ணீர் கிடைத்த இடத்தில் நனைத்துச் சாப்பிடலாம், கிடைக்காவிட்டால் அப்படியே மெல்லலாம். நம் ஆட்கள் வழிக்கு அவலும் பொரிகடலையும் முடிந்துகொண்டது வறுமையால் மட்டுமே என்று நான் நினைக்கவில்லை. தண்ணீரின் எடையை வீட்டிலேயே விட்டுவிட்டுக் கிளம்பிய சாமர்த்தியம் அது.

புளியோதரை இதற்கு ஒரு விதிவிலக்கு. சோறாக இருந்தும் கட்டுச்சோற்றில் அதற்கு முதலிடம் கிடைத்ததற்குக் காரணம் புளி. சோற்றில் தங்கும் சில கிருமிகளின் வித்துகள் கொதிக்கும் தண்ணீரிலும் சாகாமல் இருந்து, சோறு ஆறியதும் முளைத்துப் பெருகும். புளியின் அமிலம் அந்தப் பெருக்கத்தைத் தடுத்து நிறுத்துகிறது, உப்பும் துணை நிற்கிறது. முதல் நாளுக்கு அதுவே உத்தமம். இரண்டாம் நாளைக்கு எந்தச் சோற்றையும் நம்ப வேண்டாம்.

அடுத்தது, எத்தனை நாள் பயணம் என்ற கேள்வி. ஒரு வாரத்துக்கு ஒரு பை என்றால் ஆறு மாதத்துக்கு எவ்வளவு பெரிய பை என்று பலரும் மலைத்துப்போகிறார்கள். விடை, அதே பைதான். துணியைத் துவைத்துப் போடுகிறோம், அரிசியை வழியில் வாங்குகிறோம். மூட்டையின் அளவு நாள்களின் எண்ணிக்கையால் முடிவாவதில்லை, வழியில் உள்ள மிக நீண்ட இடைவெளிகளால் முடிவாகிறது. ஒரு கடைக்கும் அடுத்த கடைக்கும் இடையே அதிகபட்சம் எத்தனை நாள்? ஒரு குடிநீருக்கும் அடுத்ததற்கும் எத்தனை மணி நேர நடை? மிகக் குளிரான இரவு எப்படியிருக்கும்? இந்த மூன்றுக்கும் பதில் தெரிந்தால் உணவு, தண்ணீர், போர்வை மூன்றின் எடையும் தெரிந்துவிடும். கம்பம் வரை டீக்கடைக்கு டீக்கடை நடக்கலாம், அரை லிட்டர் தண்ணீரே தாராளம். வண்டிப்பெரியாறு தாண்டிச் சத்திரத்திலிருந்து புல்மேடு வழியாகச் சன்னிதானம் போகும் 12 கிலோமீட்டர் பெரியாறு புலிகள் காப்பகத்துக்குள் போகிறது. அங்கே மார்கழிக் காற்றும் பனிமூட்டமும் கம்பத்துக்காரர் பழகிய குளிரைவிடக் கடுமையாக இருக்கும். ஒரே பயணத்தின் இரண்டு பகுதிகள் இரண்டு வேறு மூட்டைகளைக் கேட்கின்றன. கடினமான பகுதிக்கு ஏற்பக் கட்டிக்கொண்டு, எளிதான பகுதியில் தண்ணீரையும் உணவையும் குறைத்துக்கொள்வதே வழி.

பாதை மாறினால் பட்டியலும் மாறியாக வேண்டும். இதற்கு இருமுடியைவிட நல்ல சான்று எனக்குத் தெரியாது. அந்தக் காலத்தில் எருமேலியிலிருந்து அழுதை, கரிமலை என்று காட்டுக்குள் நடந்து, இறங்கிய இடத்தில் சமைத்துச் சாப்பிட்டுப் போனார்கள். பின்முடி அரிசி அப்போது உயிர் காக்கும் பொருள். இன்று பம்பை வரை பேருந்து போகிறது, வழியெங்கும் அன்னதானம் இருக்கிறது. ஆனாலும் பட்டியல் குறைவதற்குப் பதில் நீண்டுகொண்டே போனது. கற்பூர டப்பா, ஊதுபத்திக் கட்டு, பிளாஸ்டிக் புட்டியில் பன்னீர் எல்லாம் சேர்ந்தன. அவற்றில் பெரும்பகுதி சன்னிதானத்தில் குப்பையாகி எரிகிறது, மீதி காட்டு விலங்குகளின் வயிற்றுக்குப் போகிறது. 2024 மண்டல காலத்தையொட்டி, கோயில் தந்திரியின் யோசனைப்படி திருவிதாங்கூர் தேவஸ்வம் போர்டு இந்த மூன்றையும் தவிர்க்கச் சொன்னது. முன்முடிக்கு அரிசி, நெய்த்தேங்காய், வெல்லம், கதலிப்பழம், வெற்றிலை, பாக்கு, காணிக்கை போதும், பின்முடிக்குக் கொஞ்சம் அரிசி போதும் என்றும் சொல்லப்பட்டது. நூற்றாண்டுப் பழக்கத்தையே வழிக்குத் தக்கபடி திருத்தலாம் என்று கோயிலே சொன்னபின், பயணப்பட்டியலில் பழக்கத்தால் மட்டும் ஒட்டிக்கொண்டிருப்பவற்றை நாமும் தயங்காமல் அடித்துவிடலாம்.

அதே ஆண்டு இன்னொன்றும் நடந்தது. விமானத்தில் கைப்பையோடு தேங்காய் கொண்டுபோகத் தடை இருக்கிறது, எளிதில் தீப்பற்றும் பொருள் என்று காரணம். இருமுடியோடு வரும் சபரிமலைப் பக்தர்களுக்காக அந்தத் தடையை 2025 ஜனவரி 20 வரை தளர்த்தினார்கள். பயண வாகனம் மாறினால் சாதாரணத் தேங்காய்கூடக் கேள்விக்குள்ளாகும். நெடும்பயணத்தில் பேருந்து, ரயில், விமானம் எல்லாம் கலந்து வரும் என்பதால், ஒவ்வொன்றும் எதைத் தடுக்கிறது என்று பட்டியல் போடும்போதே பார்த்துவிட வேண்டும். வாகனம் மட்டுமல்ல, காடும் தடுக்கும்: கம்பம் பள்ளத்தாக்கை ஒட்டிய மலையில் சித்ரா பௌர்ணமி ஒரு நாள் மட்டும் திறக்கும் மங்கலதேவி கண்ணகி கோயிலுக்கு, லோயர் கேம்ப் அருகே பளியன்குடியிலிருந்து ஏறுபவர்களையும் வனத்துறை சோதித்துப் பிளாஸ்டிக்கைப் பறித்துக்கொள்கிறது.

இனி, எங்கே தூக்குவது? 1986இல் நேச்சர் இதழில் வந்த கென்யப் பெண்களைப் பற்றிய ஆய்வு புகழ்பெற்றது. தலையிலோ நெற்றிப்பட்டையிலோ உடல் எடையில் 20 சதவீதம் வரை தூக்கி நடந்தும் அவர்களுக்கு ஆற்றல் கூடுதலாகச் செலவாகவில்லை. தலைச்சுமை முதுகெலும்புக்கு நேர் மேலே நிற்பதால் உடல் முன்னால் சாய வேண்டியதில்லை. ஆனால் அந்தச் சலுகை எல்லாருக்கும் கிடைப்பதில்லை என்று பின்னால் வந்த ஆய்வுகள் காட்டின. நாற்றுக்கட்டுக்கும் புல்லுக்கட்டுக்கும் சும்மாடு வைத்துப் பழகிய நம் ஊர்ப் பெண்களுக்குக் கழுத்து எப்படி நிற்க வேண்டும் என்று யாரும் சொல்லித்தர வேண்டியதில்லை. மேசை வேலை பார்க்கும் நகரவாசி அதை முயல்வது கழுத்துக்குக் கேடு. மற்றவர்களுக்கு முதுகுப்பைதான். 1950களில் அமெரிக்காவின் டிக் கெல்டி போன்றவர்கள் அதில் இடுப்புப் பட்டையைச் சேர்த்துப் பரப்பினார்கள். அந்தப் பட்டையை இடுப்பெலும்பின் மேல் இறுக்கினால் எடையில் கணிசமான பங்கு தோளை விட்டு இறங்கிவிடும். கனமான பொருள் முதுகை ஒட்டி, நடு உயரத்தில் இருக்க வேண்டும். வெளிப்புறம் தள்ளி வைத்த ஒரு கிலோ பின்னால் இழுக்கும், அதைச் சமாளிக்க உடல் முன்னால் வளையும்.

எவ்வளவு எடை? பள்ளிப் பிள்ளைகளுக்கு உடல் எடையில் 10 சதவீதத்துக்கு மேல் கூடாது என்கிறது 2020ஆம் ஆண்டின் பள்ளிப்பைக் கொள்கை. நலமான பெரியவருக்கு ஐந்தில் ஒரு பங்கு என்பது மலையேறிகள் வழக்கமாகச் சொல்லும் எல்லை. நேபாளச் சுமைதூக்கிகள் தம் உடல் எடைக்கு நிகராகவே தூக்குவார்கள் என்று அளந்திருக்கிறார்கள். அவர்களைப் பார்த்து வியக்கலாம், பின்பற்றக் கூடாது. காலில் அணிவதற்குத் தனிக் கவனம் வேண்டும். பாதத்தில் கூடும் ஒரு கிலோ, முதுகில் கூடும் ஐந்து கிலோவுக்கும் மேலான உழைப்பை வாங்கும். ஒவ்வொரு எட்டிலும் அதைத் தூக்கி வீச வேண்டியிருக்கிறதே. வெறுங்காலோடு நடக்கும் சாமிகளுக்கு அந்தச் சுமை இல்லை. அதற்கு விலையாக வெடிப்பும் கொப்புளமும் இருப்பதால் அவர்கள் பையில் பிளாஸ்டர் முதலில் இருக்க வேண்டும்.

குறைந்த பொருளில் எவ்வளவு தூரம் போகலாம் என்பதற்கு எம்மா கேட்வுட் பாட்டியைச் சொல்லாமல் விட முடியாது. 1955இல், 67 வயதில், வீட்டில் தைத்த துணிப்பையைத் தோளில் மாட்டிக்கொண்டு, ஒரு போர்வையும் குளியலறைப் பிளாஸ்டிக் திரையும் வைத்துக்கொண்டு அமெரிக்காவின் அப்பலாச்சியன் பாதையை, மூவாயிரம் கிலோமீட்டருக்கு மேல், தனியாக நடந்து முடித்தார். அந்தத் திரை மழைக்குக் குடை, இரவில் கூரை. நம் துண்டும் அப்படித்தான்: சும்மாடு, தலைப்பாகை, துவட்டுத்துணி, தலையணை, வெயிலுக்கு மறைப்பு. ஒரே வேலைக்கு மட்டும் பயன்படும் பொருளைப் பையில் வைக்குமுன் அந்த வேலையைத் துண்டு செய்யுமா என்று கேட்டுப் பார்க்க வேண்டும். ஒரு குறை உண்டு. பருத்தி நனைந்தால் கனத்துவிடும், காய நேரமாகும், உடல் சூட்டையும் இழுத்துவிடும். மலைக்குளிரில் உடலை ஒட்டிய துணி மட்டும் விரைவில் காயும் செயற்கை இழையாகவோ கம்பளியாகவோ இருப்பது நல்லது.

குறைக்கக் கூடாதவையும் சில உண்டு. வழக்கமாகச் சாப்பிடும் மாத்திரை, மருத்துவர் சீட்டோடு, இரண்டு இடத்தில் பிரித்து வைத்து. உப்பு சர்க்கரைக் கரைசல் பொட்டலம். டார்ச். இரவில் சாலையோரம் நடப்பவர்களுக்கு ஒளிரும் ஸ்டிக்கர், பையின் பின்புறம்.

பையைக் கட்டி முடித்ததும் தராசில் வைத்துப் பார்த்துவிட்டு, அதே எடையோடு ஒரு முழுக் காலை நடந்து பாருங்கள், முடிந்தால் ஏற்றம் உள்ள வழியில். வீட்டுக்குள் நின்று தூக்கிப் பார்ப்பதில் எதுவும் தெரியாது, இரண்டாவது மணி நேரத்தில்தான் தோள் பேசத் தொடங்கும். பயணம் முடிந்து வந்த அன்றே பையை அவிழ்த்து, ஒரு முறைகூட எடுக்காத பொருள்களைத் தனியே வைத்துக் குறித்துக்கொள்ளுங்கள். மருந்து, மழைக்கோட்டு, டார்ச் தவிர மற்றவை அடுத்த பட்டியலில் வேண்டாம்.