பெரியாற்று நீர் மின்சாரம் தருவது எப்படி?

மதுரைக்குக் கிழக்கே மேலூர் வட்டாரத்தில் வயலுக்குப் பாயும் பெரியாற்றுக் கால்வாய் நீரை நீங்கள் பார்த்திருக்கலாம். கேரள எல்லையிலுள்ள பெரியாற்று ஏரியிலிருந்து வரும் நீர், வயலை அடையும் முன்பே ஒரு பெரிய வேலையை முடித்துவிட்டு வருகிறது. குமுளி மலையடிவாரத்தில் லோயர் கேம்ப் என்ற இடத்தில் எந்திரங்களைச் சுழற்றி, மின்சாரம் தந்துவிட்டு வருகிறது.

‘மின்சாரத்தை எடுத்துவிட்டால் தண்ணீரின் சத்துப் போய்விடாதா?’ என்று கிராமங்களில் கேட்பவர்கள் உண்டு. கேலி செய்யத்தக்க கேள்வி அல்ல இது. நீரிலிருந்து ஏதோ ஒன்று எடுக்கப்படுகிறது என்பது உண்மையே. அது என்ன?

உயரமே முதல்

குடத்து நீரைத் தலையில் சுமந்து மாடிக்கு ஏறிப் பாருங்கள். மூச்சு வாங்கும். நீங்கள் செலவிட்ட உழைப்பு வீணாவதில்லை. மாடியில் இருக்கும் நீரில் அது நிலையாற்றலாகத் தங்கியிருக்கிறது. நீர் கீழே விழும்போது அதே ஆற்றல் வேகமாக வெளிப்படுகிறது.

பெரியாற்று ஏரிக்கு நீரைச் சுமந்து சென்றது யார்? சூரியன்தான். அதன் வெப்பத்தால் கடல்நீர் ஆவியாகிறது. பருவக்காற்று அந்த ஆவியை மேற்குத் தொடர்ச்சி மலைமீது ஏற்றி மழையாகக் கொட்டுகிறது. மேற்கே ஓடி அரபிக்கடலில் கலந்த அந்த நீரைக் கர்னல் பென்னிகுயிக் 1895இல் கட்டி முடித்த அணை தடுத்து நிறுத்தியது. ஒரு மைலுக்குச் சற்றுக் கூடுதலான நீளத்தில் மலையைக் குடைந்து, நீரைக் கிழக்கே திருப்பினார்கள்.

சுரங்கத்தின் மறுபுறம் கம்பம் பள்ளத்தாக்கு 1,200 அடிக்கும் மேல் தாழ்வாக இருக்கிறது. அறுபது ஆண்டுகளுக்கு மேலாக நீர் பாறைகளில் மோதி, நுரைத்து, வீணாக இறங்கியது. 1958-59இல் லோயர் கேம்ப் மின்நிலையம் இயங்கத் தொடங்கிய பிறகே அந்த உயரம் பயன்பட்டது.

குழாயும் சுழலியும்

சுரங்கத்தைக் கடந்த நீர் மலைமேல் ஒரு சிறிய தேக்கத்தில் நின்று, எஃகுக் குழாய்கள் வழியே செங்குத்தாக இறங்குகிறது. 33 அடி உயர நீர், காற்று மண்டலத்தின் அழுத்தத்துக்குச் சமம். அப்படியானால் 1,200 அடி நீர் அதைப்போல் 36 மடங்கு அழுத்தும்! குழாயின் அடியில் நகத்தளவு இடத்தில்கூட ஏறத்தாழ 36 கிலோ எடை தாங்கியாக வேண்டும். அதனால்தான் அவ்வளவு தடித்த எஃகு.

இந்த அழுத்தத்துடன் வரும் நீர் டர்பைன் எனப்படும் சுழலியைச் சுழற்றுகிறது. சுழலியின் அச்சிலேயே மின்னாக்கி பொருத்தப்பட்டிருக்கிறது. சைக்கிள் டைனமோவின் அண்ணன் என்று அதைச் சொல்லலாம். கம்பிச் சுருளுக்கு அருகே காந்தம் நகர்ந்தால் கம்பியில் மின்னோட்டம் பிறக்கும் என்று 1831இல் மைக்கேல் பாரடே கண்டறிந்தார். இங்கே சுழலும் மின்காந்தங்கள், சுற்றியுள்ள செப்புக் கம்பிச் சுருள்களில் மின்சாரத்தை எழுப்புகின்றன. மின்மாற்றிகள் அதன் மின்னழுத்தத்தை உயர்த்த, கோபுரங்களில் செல்லும் கம்பிகள் அதைச் சமவெளிக்குக் கொண்டு செல்கின்றன.

1965இல் நான்காவது எந்திரமும் சேர்ந்தபோது நிலையத்தின் திறன் 140 மெகாவாட் ஆயிற்று. பின்னர் எந்திரங்களைப் புதுப்பித்து அதைக் கூட்டினார்கள்.

ஒரு யூனிட்டுக்கு எவ்வளவு நீர்?

ஆயிரம் லிட்டர் நீர் 1,200 அடி இறங்கினால் ஏறக்குறைய ஒரு யூனிட் மின்சாரத்துக்குரிய ஆற்றல் கிடைக்கிறது. வினாடிக்கு 100 கன அடி நீர் வந்தால் சுமார் 9 மெகாவாட் எடுக்கலாம்.

அதே நீர் பின்னர் வைகை அணைக்கு வருகிறது. அங்கும் 1990இல் தலா 3 மெகாவாட் திறனுள்ள இரு எந்திரங்கள் அமைத்தார்கள். ஆனால் வைகை அணையின் முழு நீர்மட்டமே 71 அடிதான். ஆகவே ஒரு யூனிட்டுக்கு 17,000 லிட்டராவது வேண்டும். நீர் அதுவே, உயரம்தான் வேறு.

இரைச்சல் சொல்லும் செய்தி

லோயர் கேம்ப் நிலையம் தன் விருப்பப்படி நீரைக் கேட்டுப் பெற முடியாது. பாசனத்துக்கும் குடிநீருக்கும் எவ்வளவு திறக்கிறார்களோ, அதைக் கொண்டே மின்சாரம் எடுக்க வேண்டும். கம்பம் பள்ளத்தாக்கில் முதல் போகத்துக்கு நீர் திறந்தால் எந்திரங்கள் சுறுசுறுப்படையும். மழை பொய்த்து, குடிநீருக்கு மட்டும் சிறிதளவு திறக்கும் நாட்களில் அது சுழலியைச் சீராக இயக்கப் போதாது. அப்போது மின் உற்பத்தியை நிறுத்திவிட்டு, இரைச்சல் பாலம் வழியாக நீரை இறக்குவார்கள்.

எவ்வளவு பொருத்தமான பெயர்! குழாய்க்குள் இறங்கியிருந்தால் மின்சாரமாகியிருக்கும் ஆற்றல், அங்கே இரைச்சலாகவும் நுரையாகவும் சிறிதளவு வெப்பமாகவும் கரைந்துபோகிறது.

முதலில் கேட்ட கேள்விக்கு இப்போது நீங்களே விடை சொல்லலாம். மின்நிலையம் நீரிலிருந்து எடுத்துக்கொள்வது அதன் உயரத்தை மட்டுமே. பயிருக்கு வேண்டியதில் ஒரு துளியும் குறைவதில்லை. இழந்த உயரத்தை மீண்டும் தரச் சூரியனும் பருவமழையும் வேண்டும். அவை தவறினால் வயல் காயும், விளக்குக்கு வரும் மின்சாரமும் குறையும்.