சுருதி நழுவாத சுழற்சி: நடுத்தர விலை ரெக்கார்டு பிளேயரின் வடிவமைப்பு

திண்டுக்கல் நகரிலும் அதைச் சூழ்ந்த சமவெளி ஊர்களிலும் திருமணம், காதணி விழா, கோயில் திருவிழா என எது நடந்தாலும் மைக் செட் கடைக்காரர் கட்டிய குழாய் ஒலிபெருக்கிகளில் இசைத்தட்டுகள் பாடிய காலம், கேசட் பரவியபின் முடிவுக்கு வந்தது. ஆயினும் அந்தத் தட்டுகளில் பல இன்றும் பரண்களிலும் பழைய சாமான் கடைகளிலும் கிடக்கின்றன. அவற்றைத் தேடியெடுத்துக் கேட்க விரும்புவோரும் மீண்டும் பெருகி வருகின்றனர். மலிவான பெட்டி வகைப் பிளேயருக்கும் பல லட்சம் ரூபாய்க் கருவிக்கும் இடைப்பட்ட விலையில் ஒன்றை வாங்க முற்படும் ஒருவர், அதை வடிவமைத்தவர் எதற்குச் செலவிட்டார், எதை விட்டுக்கொடுத்தார் என்பதை அறிந்திருந்தால் பணமும் வீணாகாது, தட்டும் கெடாது.

1948ஆம் ஆண்டு கொலம்பியா நிறுவனம் அறிமுகப்படுத்திய எல்.பி. இசைத்தட்டு நிமிடத்துக்கு 33⅓ முறை சுழல்கிறது. அதன் வரித்தடத்தின் சுவர்களில் பதிந்துள்ள நுண்ணிய நெளிவுகளை வைர ஊசி தொட்டு அசைய, அந்த அசைவைக் கார்ட்ரிட்ஜ் என்னும் சிறு கருவி மின்குறிப்பாக மாற்றுகிறது. எனவே பிளேயரின் கடமைகள் மூன்று: தட்டை ஒரே வேகத்தில் சுழற்றுவது, கார்ட்ரிட்ஜைச் சரியான கோணத்தில் நிலையாகப் பிடிப்பது, தன் அதிர்வு எதையும் ஊசிக்குக் கடத்தாமல் இருப்பது.

இவற்றுள் முதலாவது கடமை தமிழ் இசை கேட்போருக்கு மிக முக்கியமானது. ஏனெனில், தம்புராவின் இடையறாத சுருதியிலும் நாகசுரத்தின் நீண்ட கார்வையிலும் சுழற்சியின் சிறு தள்ளாட்டமும் காதுக்கு உடனே புலப்பட்டுவிடும். 1950களின் புகழ்பெற்ற காரார்ட் 301 போன்ற கருவிகள் ரப்பர் சக்கரம் ஒன்றைக் கொண்டு தட்டைச் சுழற்றின. அம்முறையில் விசை மிகுதி என்றாலும் மோட்டாரின் அதிர்வு ஊசிவரை எளிதில் எட்டியது. மோட்டாரையும் தட்டையும் ரப்பர் வாரால் இணைக்கும் பெல்ட் முறை, அந்த ரப்பரின் நெகிழ்ச்சியால் அதிர்வைத் தடுத்து உற்பத்திச் செலவையும் குறைக்கிறது. ஆனால் பெல்ட் நாளடைவில் தளர்ந்து வேகம் பிசகலாம். டெக்னிக்ஸ் நிறுவனம் 1970இல் எஸ்.பி.-10 வழியாகக் கொண்டுவந்த நேரடி இயக்க முறையில் மோட்டாரின் அச்சே தட்டைச் சுழற்றுவதால் வேகம் துல்லியமாகிறது. ஆயினும் மோட்டார் தட்டின் அடியிலேயே இருப்பதால் அதை நடுக்கமின்றி இயக்கும் மின்னணுச் சுற்றுக்குக் கணிசமான செலவாகிறது. நடுத்தர விலைக் கருவிகளில் பெரும்பாலானவை பெல்ட் முறையைப் பின்பற்றுவதற்கு இந்தக் கணக்கே காரணம்.

பெல்ட் முறையிலும் மோட்டாரின் வகையைக் கவனிக்க வேண்டியிருக்கிறது. வீட்டு மின்சாரத்தில் நேரடியாக ஓடும் சிங்க்ரனஸ் மோட்டாரின் வேகம், வோல்டேஜைச் சாராமல் மின்சாரத்தின் அதிர்வெண்ணைச் சார்ந்தது. 2003இல் தென்மண்டல மின்தொகுப்பில் புதிய கட்டண ஒழுங்குமுறை வருவதற்கு முன், 50 ஹெர்ட்ஸாக இருக்க வேண்டிய அதிர்வெண் 48.5க்கும் கீழே இறங்குவது வழக்கமாக இருந்தது; அப்போது இத்தகைய மோட்டார் 3 விழுக்காடு மெதுவாகச் சுழல, அடுத்தடுத்த இரு சுரத்தானங்களுக்கு இடையிலுள்ள தொலைவில் பாதியளவு சுருதி இறங்கிவிடும். இன்று அதிர்வெண் பெரிதும் சீரடைந்துவிட்டது. என்றாலும் அடாப்டர் வழியே மின்சாரம் பெற்று, தன் வேகத்தைத் தானே கட்டுப்படுத்திக்கொள்ளும் மின்னணு அமைப்புள்ள கருவி, ஜெனரேட்டரிலும் இன்வெர்ட்டரிலும் மாறிமாறி ஓட நேரும் வீடுகளுக்கு நம்பகமானது.

சுழல்தட்டின் எடை கூடினால் வேகம் சீராகும். ஆனால் அந்த எடையைத் தாங்கும் பேரிங் விரைவில் தேயும், மோட்டாரும் வலுவுள்ளதாக இருக்க வேண்டும். பேரிங்கின் இடைவெளி, திண்டுக்கல் பூட்டுக்குள் இருக்கும் நெம்புகளின் இடைவெளியைப் போன்றது: இறுகினால் அசையாது, தளர்ந்தால் ஆடும். வெளிக்குத் தெரியாத இந்த உறுப்பைத் துல்லியமாகக் கடைவதற்குத்தான் செலவு அதிகம் என்பதால், பளபளப்பான பெட்டியை நம்பி எடை போடுவது தவறாக முடியும்.

டோன் ஆர்ம் என்னும் ஊசி தாங்கும் கையில் சமரசங்கள் இன்னும் கூடுகின்றன. தட்டைச் செதுக்கிய கருவி நேர்கோட்டில் நகர்ந்தது. பிளேயரின் கையோ ஓர் அச்சைச் சுற்றி வில்போல் வளைந்து நகர்கிறது. ஆகையால் ஏறத்தாழ 9 அங்குலக் கையில் ஊசி இரண்டே இடங்களில் முற்றிலும் சரியான கோணத்தில் அமர்கிறது. பிற இடங்களில் சுமார் 2 பாகைவரை விலகுகிறது. கையை 12 அங்குலமாக நீட்டினால் விலகல் குறையும், ஆனால் அதன் நிறை கூடும். பெட்டியும் பெரிதாக வேண்டும்.

கையின் நிறையும், ஊசி எளிதில் வளைந்துகொடுக்கும் தன்மையும் சேர்ந்து ஓர் இயற்கை அதிர்வெண்ணை உருவாக்குகின்றன. அது 8 முதல் 12 ஹெர்ட்ஸுக்குள் இருப்பது நல்லது; மிகவும் தாழ்ந்தால் நெளிந்த தட்டில் கை துள்ளும், 20 ஹெர்ட்ஸை நெருங்கினால் தாழ்ந்த இசையொலி கெடும். கோடை வெயிலில் தகரக் கூரையின் வெப்பத்தைத் தாங்கிய பரண்களிலிருந்து வரும் தட்டுகளில் நெளிவு சகஜம் என்பதால், சமவெளி வாசகர்கள் கைக்கும் கார்ட்ரிட்ஜுக்கும் உள்ள இந்தப் பொருத்தத்தை முதலில் உறுதிசெய்துகொள்ள வேண்டும்.

பிரிட்டனின் ரேகா நிறுவனம் 1983இல் வெளியிட்ட ஆர்.பி.300 என்னும் கை, ஒரே வார்ப்பாகச் செய்த அலுமினியக் குழாயால் இணைப்புகளைக் குறைத்து, நடுத்தர விலையிலும் உறுதி சாத்தியம் என்று காட்டியது. கார்ட்ரிட்ஜை எளிதில் கழற்றி மாற்றும் வசதியை அது விட்டுக்கொடுத்தது. ஒரே கார்ட்ரிட்ஜில் நெடுங்காலம் கேட்பவருக்கு அது இழப்பன்று. நிமிடத்துக்கு 78 முறை சுழலும் பழைய 78 சுற்றுத் தட்டுகளையும் கேட்பவருக்கோ பெரிய இழப்பு. டி. என். ராஜரத்தினம் பிள்ளை, எம். கே. தியாகராஜ பாகவதர் ஆகியோரின் பதிவுகள் முதலில் 78 சுற்றுத் தட்டுகளாகவே வெளிவந்தன. அவற்றின் வரித்தடம் அகலமானது என்பதால் தனி ஊசி தேவை. பல நடுத்தர விலைக் கருவிகளில் 78 சுற்று வேகமே இல்லை.

மைக் செட் காலத்தின் கனமான ஊசிகள் பல தட்டுகளின் வரித்தடச் சுவர்களைத் தேய்த்துவிட்டன. கூம்பு முனை ஊசி விலை குறைவு, தாங்கும் திறன் மிகுதி. நீள்வட்ட முனை சுவரின் வேறு பகுதியைத் தொடுவதால், தேய்மானமற்ற இடத்திலிருந்து சில வேளை தெளிவான ஒலியைப் பெற்றுத்தரும். ஆனால் கோணத்தைப் பொருத்துவதில் அது பிழையைப் பொறுக்காது.

ஆகவே நடுத்தர விலையில் வாங்குவோர், தானே எழும்பித் தானே திரும்பும் வசதிகளையும் பெட்டியின் பளபளப்பையும் விட்டுக்கொடுக்கலாம். வேகத்தின் நிலைத்தன்மையையும் பேரிங்கின் துல்லியத்தையும் ஒருபோதும் விட்டுக்கொடுக்கக் கூடாது. தம்புராச் சுருதி தெளிவாகக் கேட்கும் ஒரு தட்டைக் கடையிலேயே ஓடவிட்டு, சுருதி அசைகிறதா என்று கேட்டறிவதே விலைப்பட்டியலைவிட நம்பகமான சோதனை.