புளிக்கு அஞ்சும் கல்

சலவைக்கல்லைப் பளிங்கு என்று கூறுவது இன்று பெருவழக்காகிவிட்டது. பழந்தமிழ் நூல்களிலோ பளிங்கு என்பது ஊடுருவிப் பார்க்கத்தக்க தெளிந்த படிகத்தையே குறித்தது. மணிமேகலைக் காப்பியத்திற் பளிக்கறையினுள் மறைந்த நங்கையின் உருவம் வெளியே நின்ற அரசிளங்குமரனுக்குத் தெரிந்தது. சலவைக்கற் சுவர் அவ்வாறு காட்டாது. ஆயினும், அதன்மேல் விழும் ஒளி சிறிதளவு உள்ளே புகுந்து, நுண்ணிய மணிகளிடையே சிதறி மீள்கின்றது. அதனாலேயே சலவைக்கற் சிலைகளில் உயிருள்ள மேனியின் மென்மை தோன்றுகின்றது.

இக்கல்லின் பிறப்பு வியப்புக்குரியது. பண்டைக் கடல்களில் வாழ்ந்த சிப்பி, பவளம் முதலிய உயிர்களின் ஓடுகள் அடியிற் படிந்து இறுகிச் சுண்ணாம்புக்கல் ஆயின. அக்கல் நிலத்தின் ஆழத்தில் வெப்பத்துக்கும் அழுத்தத்துக்கும் உட்பட்டபோது, பழைய ஓடுகளின் வடிவம் அழிந்து, புதிய மணிகள் நெருங்கிக் கோத்துக்கொண்டன. அதுவே சலவைக்கல். யாழ்ப்பாணக் குடாநாட்டின் அடியிற் கிடப்பது இவ்வாறு மாறாத சுண்ணாம்புக்கல். மாத்தளைப் பகுதியிற் காணப்படுவதோ மாறிய கல்.

பெரும்பாலான சலவைக்கற்களில் மிகுந்திருப்பது கல்சியங் காபனேற்று. கல்லின் சிறப்புக்கும் குறைக்கும் காரணம் இப்பொருளே. இது கருங்கல்லைப்போல் வன்மையானதன்று. ஆதலால் உளிக்கு இணங்கி, நுண்ணிய வேலைப்பாட்டை ஏற்கின்றது. ஆனால் அமிலம் பட்டவுடன் நுரைத்துக் காபனீரொட்சைட்டை வெளிவிட்டுக் கரைகின்றது.

இதனை அறிந்தும் பேணத் தவறியதால் நேர்ந்த கேட்டுக்கு உலகப் புகழ்பெற்ற சான்று ஒன்று உண்டு. இத்தாலியிலுள்ள கராரா மலைகளில் உரோமர் காலந்தொட்டே வெண்சலவைக்கல் அகழப்படுகின்றது. அங்கிருந்து புளோரன்ஸ் நகருக்கு வந்த பெருங்கல் ஒன்றிற் சிற்பிகள் சிலர் வேலை தொடங்கிக் கைவிட்டனர். பல்லாண்டு வெயிலிலும் மழையிலும் கிடந்த அதனையே மைக்கலாஞ்சலோ 1501 முதல் 1504 வரை செதுக்கி, ஏறக்குறைய 17 அடி உயரமான தாவீதின் சிலையாக்கினார். நகரின் பொதுவெளியில் அது முந்நூற்று அறுபதாண்டுகளுக்கு மேல் நின்றது. 1843ஆம் ஆண்டில் அதனைத் தூய்மை செய்யப் புகுந்தோர் ஐதரோக்குளோரிக் கமிலத்தைப் பயன்படுத்தினர். அழுக்கோடு சிற்பி இழைத்த மேற்பரப்பும் கெட்டது. 1873இற் சிலை கூரையுள்ள கலைக்கூடத்துக்கு மாற்றப்பட்டது. 2003, 2004ஆம் ஆண்டுகளில் மீண்டும் தூய்மை செய்யப்பட்டபோது, வல்லுநர் பெரிதும் நம்பியது காய்ச்சி வடித்த நீர் ஊறிய பற்றையே. அது அழுக்கை மெல்ல உறிஞ்சி எடுத்தது. ஆனால் அமிலம் தின்ற பரப்பை மீட்டுத் தர எவராலும் இயலவில்லை.

புளோரன்சில் நிகழ்ந்ததே சிறிய அளவில் நம் வீடுகளிலும் நிகழ்கின்றது. பித்தளைக் குத்துவிளக்கைப் புளியும் தேசிக்காயும் இட்டுத் துலக்கும் நம் பெண்மணிகள், அதே கையோடு சலவைக்கற் றரையையும் துலக்க முற்படுவதுண்டு. பித்தளைக்கு ஏற்றது கல்லுக்கு நஞ்சு. வினாகிரியும் அவ்வாறே. இவை பட்ட இடம் ஒளியிழந்து மங்கும். எத்துணைக் கழுவினும் அம்மங்கல் நீங்காது. அரைத்து மெருகிட்டாலன்றிப் பழைய பொலிவு வராது.

மணலும் இக்கல்லுக்குப் பகை. கனிப்பொருள்களின் வன்மையைக் காட்டும் மோஸ் அளவிற் சலவைக்கல்லின் எண் ஏறக்குறைய 3; மணலில் மிகுந்துள்ள குவாட்சின் எண் 7. ஆகவே, நாள்தோறும் மென்மையான தும்புத்தடியாற் கூட்டுதல் வேண்டும். பின்னர் வெறும் நீராலோ, மென்மையான சவர்க்காரம் சிறிதளவு கலந்த நீராலோ துடைத்து, நல்ல நீரால் அலசி, உலர்ந்த துணியால் ஈரத்தை ஒற்றியெடுக்கலாம்.

கல்லில் நுண்துளைகள் இருப்பதால் எண்ணெயும் மஞ்சளும் விரைவில் ஊறும். விளக்கின்கீழ்த் தட்டு வைத்தல் நன்று. சிந்தியதைத் தேய்த்துப் பரப்பாது உடனே ஒற்றியெடுத்தல் வேண்டும். எண்ணெய்க் கறை படிந்துவிட்டால், அப்பச்சோடாவை நீரிற் குழைத்துப் பற்றிட்டு, ஒரு நாள் மூடிவைத்துப் பின் கழுவலாம். கறை ஒருமுறையில் நீங்காவிடின் மறுமுறையும் பற்றிடுக. பொறுமையிழந்து தேசிக்காயைத் தேடற்க.