கருங்காலிச் சில்லு எழுப்பிய கேள்வி

1611ஆம் ஆண்டுக் கோடையில் இத்தாலியின் பிளாரன்ஸ் நகரத்து அறிஞர்களிடையே ஒரு வாக்குவாதம் மூண்டது. பனிக்கட்டி ஏன் நீரில் மிதக்கிறது என்பதுதான் கேள்வி. குளிர் எதையும் இறுகச் செய்யும். ஆகவே பனிக்கட்டி என்பது இறுகிய நீர், நீரைவிடக் கனமானது என்றார்கள் அரிஸ்டாட்டிலின் வழிவந்த பேராசிரியர்கள். கனமானது மூழ்காமல் இருப்பானேன் என்று கேட்டால், அதன் பரந்த தட்டை வடிவம் நீரைக் கிழித்துக்கொண்டு இறங்க முடியாமல் தடுக்கிறது என்று பதில் வந்தது. கலிலியோ இதை ஏற்கவில்லை. பனிக்கட்டியை நீருக்கடியில் அழுத்திப் பிடித்து விட்டுவிட்டால், அதே பரந்த வடிவத்தோடு நீரைக் கிழித்துக்கொண்டு மேலே வருகிறதே, கீழே போவதைத் தடுக்கும் வடிவம் மேலே வருவதை ஏன் தடுக்கவில்லை என்று அவர் கேட்டார். பனிக்கட்டி நீரைவிட லேசானது, அதனால்தான் மிதக்கிறது என்பது அவர் முடிவு. அவர் சொன்னது சரி. ஒரு லிட்டர் நீரின் எடை ஏறத்தாழ ஒரு கிலோ. அதே பருமனுள்ள பனிக்கட்டியின் எடை 917 கிராம்தான்.

விவாதம் இத்தோடு முடிந்திருந்தால் அது பாடநூலின் ஒரு வரியாகப் போயிருக்கும். லொடொவிகோ டெல்லே கொலோம்பே என்ற அரிஸ்டாட்டில்வாதி அதை முடிய விடவில்லை. அவர் கருங்காலி மரத்தில் ஒரு உருண்டையும் ஒரு மெல்லிய சில்லும் செய்து கொண்டுவந்தார். கருங்காலி நீரைவிடக் கனமான மரம். உருண்டை மூழ்கியது; மெதுவாகப் படுக்க வைத்த சில்லு மிதந்தது. மரம் ஒன்றே, வடிவம்தான் வேறு. ஆகவே மிதப்பதும் மூழ்குவதும் வடிவத்தைப் பொறுத்தது என்றார். யார் வேண்டுமானாலும் செய்து பார்க்கக்கூடிய சோதனை என்பதால் ஊரே பேசியது. டஸ்கனியின் கோமகன் இரண்டாம் கோசிமோவின் விருந்து மேசை வரைக்கும் விவகாரம் போனது. அங்கிருந்த இரண்டு கர்தினால்களில் கொன்சாகா எதிரணியில் நின்றார். மாஃபியோ பார்பெரினி கலிலியோவின் பக்கம் நின்றார். பின்னாளில் எட்டாம் அர்பன் என்ற பெயரில் போப்பாகி, 1633இல் கலிலியோவை விசாரணைக் கூண்டில் ஏற்றியவர் இதே பார்பெரினிதான். கலிலியோ தன் தரப்பை 1612இல் நூலாக வெளியிட்டார், எல்லோரும் படிக்கட்டும் என்று லத்தீனை விட்டு இத்தாலிய மொழியில்.

நம் பள்ளிப் பாடங்களில் அழுத்தம், மிதப்பு, பரப்பு இழுவிசை ஆகிய மூன்றும் தனித்தனித் தலைப்புகளாக வருகின்றன. ஒவ்வொன்றுக்கும் ஒரு வரையறை, ஒரு சூத்திரம், இரண்டு கணக்குகள். இதனால் மிதப்பு விசை என்பது நீருக்குள் ஒளிந்திருக்கும் ஏதோ தனிச் சக்தி என்றும், மிதக்கும் ஊசி மிதப்பு விதியை மீறும் விந்தை என்றும் ஒரு எண்ணம் மனத்தில் தங்கிவிடுகிறது. அசையாத நீரில் நடப்பவை பெரும்பாலும் ஒரே உண்மையிலிருந்து கிளைப்பவை: ஆழம் கூடக் கூட அழுத்தம் கூடுகிறது. மிதப்பு அதன் நேரடி விளைவு. டெல்லே கொலோம்பேயின் சில்லும் அந்தக் கணக்குக்குள் அடங்குவதுதான்.

அசையாத நீர் என்றால் விசையே இல்லாத நீர் என்று பொருளல்ல. ஒவ்வொரு துளியும் தனக்கு மேலுள்ள நீரைத் தாங்கி நிற்கிறது, எல்லாப் பக்கமும் சமமாக அழுத்துகிறது, அழுத்தப்படுகிறது. ஒரு மீட்டர் ஆழத்தில் ஒவ்வொரு சதுர சென்டிமீட்டர் மீதும் 100 கிராம் எடைக்குச் சமமான நீரழுத்தம் இருக்கும். இப்போது 10 சென்டிமீட்டர் பக்கமுள்ள ஒரு கனசதுரத்தை, அதன் மேல்முகம் சரியாக ஒரு மீட்டர் ஆழத்தில் இருக்கும்படி நீருக்குள் வைப்போம். மேல்முகத்தின் பரப்பு 100 சதுர சென்டிமீட்டர். அதை நீர் 10 கிலோ எடைக்குச் சமமாகக் கீழே அழுத்தும். அடிமுகம் இன்னும் 10 சென்டிமீட்டர் ஆழத்தில் இருப்பதால் அதை 11 கிலோ அளவுக்கு மேலே தள்ளும். பக்கவாட்டு முகங்களின் அழுத்தங்கள் ஒன்றையொன்று ஈடுசெய்துவிடும். நீர்ப்பரப்பின் மீது காற்றுமண்டலம் செலுத்தும் அழுத்தமும் மேல்முகத்துக்கும் அடிமுகத்துக்கும் சமமாகவே போய்ச் சேர்வதால் கணக்கில் நிற்காது. மிஞ்சுவது மேல்நோக்கிய ஒரு கிலோ. கனசதுரத்தின் பருமன் ஒரு லிட்டர். ஒரு லிட்டர் நீரின் எடையும் ஒரு கிலோதான். கிறிஸ்துவுக்கு முன் மூன்றாம் நூற்றாண்டில் சிராகூஸ் நகரத்து ஆர்க்கிமிடீஸ் மிதக்கும் பொருள்கள் பற்றிய நூலில் நிறுவிய விதி இதுவே. பொருள் நீருக்குள் எவ்வளவு இடத்தைப் பிடிக்கிறதோ, அந்த இடத்தை நிரப்பும் நீரின் எடையே மேல்நோக்கு விசை. இதற்கென்று புதிதாக ஒரு சக்தியைக் கற்பனை செய்ய வேண்டியதில்லை; அடியிலும் மேலிலும் உள்ள அழுத்தங்களின் வித்தியாசமே போதும்.

ஆழத்தோடு அழுத்தம் கூடுமென்றால் ஆழத்தில் மிதப்பு விசையும் கூட வேண்டாமா என்று கேட்கலாம். அதே கனசதுரத்தைப் பத்து மீட்டர் ஆழத்துக்குக் கொண்டுபோனால் மேல்முகத்தில் 100 கிலோ, அடிமுகத்தில் 101 கிலோ. வித்தியாசம் அதே ஒரு கிலோதான். அழுத்தம் எவ்வளவு என்பது பொருளை நசுக்கும். அழுத்த வித்தியாசம்தான் பொருளைத் தூக்கும். பொருளே சுருங்கும் தன்மையதாக இருந்தால் மட்டும் கதை மாறும். பத்து மீட்டர் ஆழத்தில், காற்றுமண்டலத்தின் பங்கையும் சேர்த்து, மொத்த அழுத்தம் மேற்பரப்பில் இருப்பதைப் போல இரு மடங்காகிவிடும். அங்கே பலூனிலுள்ள காற்றின் பருமன் பாதியாகக் குறையும், அதோடு அதன் மிதப்பு விசையும் பாதியாகும். மூச்சடக்கி ஆழத்துக்குச் செல்பவர்களின் நுரையீரலும் இப்படித்தான் சுருங்குகிறது. ஓர் ஆழத்துக்குப் பிறகு உடல் மேலே வருவதை விட்டுத் தானாகக் கீழே இறங்கத் தொடங்குவது இதனால்தான்.

இந்த விளக்கம் உண்மையானால் அதைச் சோதிக்க ஒரு வழி உண்டு. பொருளின் அடியில் நீர் புகவே முடியாதபடி செய்துவிட்டால் மேல்நோக்கு விசை மறைந்துபோக வேண்டும். அப்படியேதான் நடக்கிறது. தண்ணீர்த் தொட்டியின் அடியிலுள்ள துளையை ரப்பர் அடைப்பானால் மூடினால், ரப்பர் எவ்வளவு லேசானதாக இருந்தாலும் அது மேலே எழும்பாது. துளைக்கு அடியில் இருப்பது காற்று. மேலே இருப்பது நீர். நீர் கூடக் கூட அடைப்பான் இன்னும் அழுந்தி உட்காரும். ஆர்க்கிமிடீஸ் விதியை வெறும் வாய்ப்பாடாக மனப்பாடம் செய்தவருக்கு இது குழப்பம் தரும். அழுத்த வித்தியாசத்திலிருந்து தொடங்குபவருக்கு இதில் வியப்பு எதுவுமில்லை.

கலிலியோவே எடுத்துப் பேசிய இன்னொரு சிக்கல் இருக்கிறது. ஐந்து கிலோ எடையுள்ள மரத்துண்டு மிதக்க ஐந்து லிட்டர் நீரை ஒதுக்க வேண்டும் என்கிறோம். மரத்தைவிடச் சற்றே அகன்ற பாத்திரத்தில் அரை லிட்டர் நீரை ஊற்றி அதே மரத்தை இறக்கினாலும் மிதக்கிறது. இல்லாத ஐந்து லிட்டரை அது எப்படி ஒதுக்கியது? நீரின் அளவைக் கொண்டு யோசித்தால் இதற்கு விடை கிடையாது. மரத்தைச் சுற்றிய குறுகிய இடைவெளியில் நீர் உயரே ஏறி நிற்கிறது. அடியில் என்ன அழுத்தம் என்பதை அந்த உயரம்தான் தீர்மானிக்கிறது, நீர் எத்தனை லிட்டர் என்பதல்ல. பாத்திரத்தின் அடித்தளத்தின் மீது விழும் விசை, அடித்தளத்தின் பரப்பையும் நீரின் உயரத்தையும் மட்டுமே பொறுத்தது என்பதை நெதர்லாந்தில் சைமன் ஸ்டெவின் 1586இலேயே காட்டியிருந்தார். ‘ஒதுக்கிய நீர்’ என்பது நீர்மட்டத்துக்குக் கீழே பொருள் பிடித்திருக்கும் இடத்தின் அளவு. அவ்வளவு நீர் அங்கே உண்மையில் இருந்து வெளியே வழிய வேண்டும் என்று கட்டாயமில்லை.

அப்படியானால் வடிவத்துக்கு எந்த வேலையும் இல்லையா? மெழுகில் ஈயத்தூளைக் கலந்து நீரைவிடச் சற்றே கனமாக்கி, அதை உருண்டையாகவும் தட்டையாகவும் எப்படி மாற்றினாலும், முழுக்க நனைந்தபின் அது மூழ்கவே செய்யும் என்று கலிலியோ வாதிட்டார். இது உண்மைதான். அதேசமயம், இரும்புக் கட்டி மூழ்குகிறது, இரும்புக் கப்பல் மிதக்கிறது. இங்கே வேறுபாட்டை உண்டாக்குவது வடிவமேதான். ஆனால் அரிஸ்டாட்டில்வாதிகள் நினைத்ததுபோல நீரைக் கிழிக்க விடாமல் தடுப்பதால் அல்ல. குழிந்த வடிவம் நீர்மட்டத்துக்குக் கீழே ஒரு காற்றுவெளியை உருவாக்குகிறது. இரும்பு தன் பருமனைக் காட்டிலும் பல மடங்கு இடத்தைப் பிடித்துக்கொள்கிறது; அதன் அடிப்பாகம் ஆழத்தில் நிற்கிறது; மேலே நீர் இல்லை. வடிவம் இடத்தைத் தீர்மானிக்கிறது, இடம் அழுத்தக் கணக்கைத் தீர்மானிக்கிறது. வடிவத்துக்கு இருக்கும் செல்வாக்கு இந்த வழியாக வருவது மட்டுமே.

இனி அந்தச் சில்லுக்கு வருவோம். அது மிதக்கும்போது பக்கவாட்டிலிருந்து கூர்ந்து பார்த்த கலிலியோ ஒன்றைக் கவனித்தார். சில்லு நீரின் மட்டத்தில் இல்லை. மட்டத்துக்குச் சற்றுக் கீழே, ஒரு சிறு பள்ளத்தில் உட்கார்ந்திருக்கிறது. சுற்றிலும் நீர் கரை போல வளைந்து உயர்ந்து நிற்கிறது, ஆனால் உள்ளே வழியவில்லை. ஆகவே மிதப்பது கருங்காலி மட்டுமல்ல, கருங்காலியும் அதன்மேல் பள்ளத்தை நிரப்பியுள்ள காற்றும் சேர்ந்த ஒன்று. இரண்டும் சேர்ந்து நீரைவிட லேசானவை என்றார் அவர். கணக்கைப் போட்டால் சரியாக வருகிறது. நீரைவிடப் பத்தில் ஒரு பங்கு கூடுதல் கனமுள்ள, 5 மில்லிமீட்டர் தடிமனான அகன்ற சில்லுக்கு அரை மில்லிமீட்டர் பள்ளம் போதும். ஆனால் நீர் ஏன் உள்ளே வழியவில்லை என்று கேட்டபோது அவர் தடுமாறினார். காற்றுக்கும் மரத்துக்கும் இடையே காந்தம் போன்றதொரு ஈர்ப்பு இருக்கக்கூடும் என்றார். நீர் பிரிவதற்கு எந்தத் தடையும் தருவதில்லை என்பதில் அவர் அவ்வளவு பிடிவாதமாக இருந்தார். 1638இல் வெளிவந்த அவருடைய கடைசி நூலில் முட்டைக்கோஸ் இலைமேல் நீர்த்துளி உருண்டு நிற்பதைப் பேசும் இடத்தில், இதன் காரணம் தெரியவில்லை என்றே எழுதினார்.

விடை கிடைக்க 19ஆம் நூற்றாண்டு பிறக்க வேண்டியிருந்தது. 1805ஐ ஒட்டிய ஆண்டுகளில் இங்கிலாந்தில் தாமஸ் யங்கும் பிரான்சில் லாப்லாசும் பரப்பு இழுவிசைக்கு ஒழுங்கான கோட்பாட்டைத் தந்தார்கள். நீரின் உள்ளே இருக்கும் மூலக்கூறை எல்லாப் பக்கத்திலிருந்தும் மற்ற மூலக்கூறுகள் இழுக்கின்றன. மேற்பரப்பில் இருப்பதற்கு ஒரு பக்கம் துணை குறைவு. அதனால் நீர் தன் மேற்பரப்பை இயன்ற மட்டும் சுருக்கிக்கொள்ளவே பார்க்கிறது. சாதாரண வெப்பநிலையில் இந்த இழுவிசை ஒரு மீட்டர் நீள விளிம்புக்கு ஏறத்தாழ 0.073 நியூட்டன், அதாவது சுமார் ஏழரை கிராம் எடை. சில்லின் விளிம்பில் நீர் வளைந்து நின்று உள்ளே நுழையாமலிருப்பது இதன் வேலை. கப்பலில் இரும்புச் சுவர் கடலை வெளியே நிறுத்துகிறது. சில்லைச் சுற்றி நீரின் வளைந்த விளிம்பே அந்தச் சுவராகிறது.

அப்படியானால் சில்லைத் தாங்குவதில் பாதி அழுத்தம், பாதி பரப்பு இழுவிசை என்றாகிறதே, ஒரே உண்மை என்ற வாதம் இங்கே உடையவில்லையா? இதுதான் இருப்பதிலேயே வலுவான ஆட்சேபம். அமெரிக்கக் கணிதவியலாளர் ஜோசப் கெல்லர் 1998இல் வெளியிட்ட ஒரு கட்டுரையில் இதற்கு அழகான பதில் இருக்கிறது. சில்லுக்கு நேர் மேலுள்ள பள்ளத்தையும் சில்லின் பருமனையும் நிரப்பக்கூடிய நீரின் எடைக்கு அழுத்தம் ஈடாகிறது. சில்லுக்கு வெளியே, நீர் சரிந்து வளையும் பகுதியில் காலியான இடத்தை நிரப்பக்கூடிய நீரின் எடைக்குப் பரப்பு இழுவிசை ஈடாகிறது. இரண்டையும் கூட்டினால் வருவது, நீர்மட்டத்தில் ஏற்பட்ட பள்ளம் முழுவதையும் நிரப்பும் நீரின் எடை. ஆர்க்கிமிடீஸின் விதி அப்படியே நிற்கிறது. ஒதுக்கிய நீர் எது என்று எண்ணும்போது பள்ளத்தையும் சேர்த்து எண்ண வேண்டும், அவ்வளவே. அந்த வளைவு கூட எவ்வளவு சரியும் என்பதை, ஆழத்தோடு கூடும் அழுத்தமும் இழுவிசையும் ஒன்றையொன்று சமன்செய்துகொண்டே முடிவுசெய்கின்றன.

எங்கே எது மேலோங்கும் என்பது அளவைப் பொறுத்தது. நான்கு சென்டிமீட்டர் நீள ஊசியின் இரு பக்கமும் சேர்ந்து எட்டு சென்டிமீட்டர் விளிம்பு; அதன் இழுவிசை அரை கிராமுக்குச் சற்று மேல் தாங்கும். மெல்லிய ஊசிக்கு அது தாராளம். ஒரு சொட்டுச் சோப்புநீர் விட்டு இழுவிசையைக் குறைத்தால் ஊசி மூழ்கலாம். 100 மீட்டர் நீளமும் 20 மீட்டர் அகலமும் உள்ள கப்பலின் சுற்றளவு முழுவதிலும் கிடைக்கும் இழுவிசையோ இரண்டு கிலோவைக்கூடத் தாங்காது. எடை பருமனோடு வளர்கிறது, இழுவிசை விளிம்போடு மட்டும் வளர்கிறது. நீரில் இவை சமபலம் பெறுவது மூன்று மில்லிமீட்டருக்குக் குறைவான அளவில். நீர்மேல் ஓடும் பூச்சிகளின் மெல்லிய கால்கள் அந்த எல்லைக்கு உட்பட்டவை. நாம் அதற்கு வெகு தொலைவில் வாழ்கிறோம். அதனால்தான் ஊசி மிதப்பது நமக்கு விந்தையாகத் தோன்றுகிறது.

ஆக, பிளாரன்சில் இரு தரப்புக்கும் பாதி வெற்றிதான். டெல்லே கொலோம்பே கண்ட நிகழ்வு உண்மை, அதிலிருந்து எடுத்த முடிவு தவறு. கலிலியோவின் கணக்கு சரி, அதற்குக் காட்டிய காரணம் தவறு. வகுப்பறையில் இதைச் சொல்லித்தர வேண்டுமானால் வரிசையை மாற்றினாலே போதும் என்று தோன்றுகிறது. முதலில் ஆழமும் அழுத்தமும், அதிலிருந்து கனசதுரக் கணக்கின் வழியே மிதப்பு, கடைசியாக ஊசியும் சில்லும். அப்படிக் கற்ற மாணவர் ஊசியைக் காட்டி விதி பொய்த்துவிட்டதா என்று கேட்டால், ஆசிரியர் அதை விதிவிலக்கு என்று ஒதுக்க வேண்டியதில்லை. ஊசியைச் சுற்றியுள்ள பள்ளத்தைக் காட்டி, அதையும் கணக்கில் சேர்க்கச் சொல்லலாம்.