பட்டாளத்து டாக்டர் வரைய வைத்த கொங்குச் செடிகள்

அந்தக் காலத்தில் எடின்பரோவில் டாக்டருக்குப் படித்தவர்கள் செடிகொடிகளையும் படித்தாக வேண்டும். மருந்துகளில் பெரும்பாலானவை வேரும் பட்டையும் இலையுமாக இருந்த காலம் அது. செடியை இனம் காணத் தெரியாதவர் கையில் மருந்தே விஷமாகிவிடும். 1796இல் ஸ்காட்லாந்தில் பிறந்த ராபர்ட் வைட் அப்படிப் படித்து, 1818இல் எம்.டி. பட்டம் வாங்கினார். அடுத்த ஆண்டே கிழக்கிந்தியக் கம்பெனியின் மெட்ராஸ் பட்டாளத்தில் உதவி சர்ஜன்.

பட்டாளம் நடந்தால் டாக்டரும் கூடவே நடக்க வேண்டும். போன இடமெல்லாம் வைட் செடி சேர்த்தார். 1831இல் விடுப்பில் தாய்நாடு போனபோது அவரோடு கப்பலேறிய உலர்ந்த செடிகள் சுமார் 1 லட்சம். எடை 2 டன்!

1842இல் அவரைக் கோயமுத்தூருக்கு அழைத்துவந்தது பருத்தி. ஆலைகளுக்கு அமெரிக்கப் பஞ்சையே நம்பியிருந்த இங்கிலாந்து, அந்த நீண்ட இழைப் பருத்தியை இங்கே விளைவிக்கப் பார்த்தது. அதற்காக அமெரிக்கத் தோட்டக்காரர்களையே கம்பெனி வரவழைத்தது. கோவைச் சோதனைப் பண்ணை வைட் பொறுப்பில் வந்தது. அவர் 11 ஆண்டுகள் பாடுபட்டும் நம் விவசாயிகள் வறட்சி தாங்கும் நாட்டுப் பருத்தியை விடவில்லை. மானம் பார்த்த பூமியில் வெள்ளாமை செய்கிறவர்களின் கணக்கு அது. அதைக் குறை சொல்ல முடியாது.

வைட்டின் பெயர் நிற்பது பருத்தியால் அல்ல, படங்களால். போளுவாம்பட்டி மலைக்காடு முதல் நீலகிரி வரை கிடைத்த செடிகளை ரங்கையா, கோவிந்து என்ற இரண்டு ஓவியர்களை வைத்து வரையச் செய்தார். கல்லச்சு வேலையைத் தானே பழகி மெட்ராஸிலேயே அச்சிட்டார். 1838 முதல் 1853 வரை வந்த 'ஐகோனெஸ்' என்ற அவரது நூல் தொகுதிகளில் மட்டும் 2,101 படங்கள். ஒரு தாளை எடுத்துப் பாருங்கள்: இலை நரம்போடு ஒரு கிளை; அதன் கீழே பூவைப் பிரித்து இதழ், மகரந்தத்தாள், குறுக்கே வெட்டிய சூலகம் என ஒவ்வொன்றும் பெரிதாக்கி வரையப்பட்டிருக்கும். எல்லாம் வெறும் கறுப்புக் கோடுதான். ஆனால் அந்தச் செடியைக் காட்டில் கண்டால் தப்பாமல் சொல்லிவிடலாம்.

கம்பெனிக்காரர்கள் பலர் இந்திய ஓவியர்களின் பெயரைக்கூடக் குறித்து வைக்கவில்லை. வைட் அச்சிலேயே போட்டார். ஓர் ஆர்கிட் பேரினத்துக்கே கோவிந்துவின் பெயரைச் சூட்டினார். அவரிடம் நான் பெரிதாக மதிப்பது இதைத்தான்.

1853இல் ஓய்வுபெற்று இங்கிலாந்து போன வைட் 1872இல் காலமானார். ஓவியர்களின் மூலப் படங்கள் பல இன்று எடின்பரோவிலும் லண்டனிலும் இருக்கின்றன. நம் ஊரில் அந்த இருவரின் பெயரைத் தெரிந்தவர்களே அபூர்வம். கோவை காஸ் வன அருங்காட்சியகத்தில் இந்தப் படங்களின் பிரதிகளை ரங்கையா, கோவிந்து பெயர்களோடு வைக்க வேண்டும். அருங்காட்சியகத்தார் இதை மனது வைத்துச் செய்ய வேண்டும்.