கழுத்துக் கருமை அழுக்கன்று

பிள்ளையின் பிடரியில் கரும்பட்டை தோன்றிவிட்டால், "ஒழுங்காகக் குளிப்பதில்லை" என்பதே நம் வீடுகளில் முதலில் எழும் குற்றச்சாட்டு. பின்னர்த் தும்பும் சவர்க்காரமும் கொண்டு தோல் எரியும்வரை தேய்ப்பார்கள். தேசிக்காயும் பயற்றம்மாவும் தத்தம் பங்கைச் செலுத்தும். கருமையோ அசைவதில்லை. அழுக்காயின் அல்லவோ கழுவப் போகும்!

தோலுக்கு நிறந்தருவது மெலனின் என்னும் நிறப்பொருள். மேற்றோலின் அடிவரிசையிலுள்ள சில கலங்கள் இதனை ஆக்கி அயற்கலங்களுக்கு வழங்குகின்றன. வெள்ளையர்க்கும் நமக்கும் இக்கலங்களின் தொகை ஏறத்தாழ ஒன்றே. ஆக்கப்படும் நிறப்பொருளின் அளவிலும் அமைப்பிலுமே வேற்றுமை உளது. நிறத்தின் பெயரால் உலகில் நிகழ்ந்த கொடுமைகளை எண்ணுங்கால், இவ்வளவுதானா என்று தோன்றும். வெயில், உட்சுரப்புக்கள், அழற்சி, ஓயாத உராய்வு யாவும் தோலைக் கருக்க வல்லவை.

பிடரிக் கருமையைக் கண்ணால் மட்டுமன்றி விரலாலும் அறிதல் வேண்டும். வெல்வெட்டுத் துணிபோல் தோல் தடித்து, மடிப்புக்கள் ஆழ்ந்து, கமக்கட்டிலும் அவ்வாறே காணப்படின் அதனை வைத்தியர் 'அக்கந்தோசிஸ் நைகிரிகன்ஸ்' என்பர். உடல் பருத்த சிறுவரிடத்தும் இஃது இன்று காணப்படுகின்றது. உடலானது இன்சுலினுக்குச் சரிவர இணங்காதபோது, சதையி மேலும் மேலும் இன்சுலினைச் சுரக்கின்றது; மிகுந்த இன்சுலின் தோற்கலங்களைப் பெருகத் தூண்டுகின்றது. நீரிழிவு பின்னர் வரக்கூடும் என்பதைக் கழுத்து முன்னரே கூறிவிடுகின்றது. இத்தகைய பிள்ளைக்கு வேண்டியது தும்பன்று, இரத்தச் சீனிப் பரிசோதனை. இனிப்புப் பானங்களைக் குறைத்து, ஓடியாடி விளையாடி எடை குறையின், கருமையும் மெல்ல மங்கும். மெலிந்த முதியவரிடம் இது திடீரெனத் தோன்றி விரைந்து பரவின், வயிற்றினுள் புற்றுநோய் உண்டோ என ஆராய்தல் வேண்டும். ஆயின் அஃது அரிது.

கன்னங்கள் இரண்டிலும், நெற்றியிலும், மேலுதட்டின் மேலும் தேசப்படம்போல் படரும் கபில நிறம் மங்கு எனப்படும். கருவுற்ற காலத்திலும் கருத்தடை மாத்திரை உண்போரிடமும் தோன்றும். வெயில் அதனை வளர்க்கும். மகப்பேற்றின் பின் பலருக்குத் தானே குறையும். குடை பிடிக்க நாணுதல் வேண்டா. பருவும் நுளம்புக் கடியும் விட்டுச்செல்லும் கறைகள் சில மாதங்களில் மறைவன. சொறிவோர்க்கு மட்டும் நீடிப்பன. தோள், முதுகென்பு ஆகிய இடங்களை நாள்தோறும் முரட்டு நாரால் தேய்ப்பின், தேய்ப்பே கருமையை உண்டாக்கும்.

விரற்கணுக்கள் கறுத்து, நாக்குச் சிவந்து நோவெடுத்து, கால்கள் விறைப்பின் வைற்றமின் பி12 குறைவை எண்ணுக. பாலும் உண்ணாத கடுஞ் சைவ உணவினர் இதனைச் சிறப்பாகக் கவனிக்க வேண்டும்.

உள்ளங்கை ரேகைகள், பல்லீறு, பழைய தழும்புகள் ஆகியன கறுத்து, உடன் சோர்வும் மெலிவும் உப்பில் விருப்பும் எழுந்து நிற்கையில் மயக்கமும் சேரின், தாமதம் கூடாது. 1855 ஆம் ஆண்டில் இலண்டன் கைஸ் வைத்தியசாலையின் தோமஸ் அடிசன் விளக்கிய, சிறுநீரகத்தின் மேலுள்ள சுரப்பிகள் கெடும் நோய் அதுவாகலாம். மருந்தின்றேல் உயிருக்கே ஆபத்து. மருந்துண்டால் வழக்கம்போல் வாழலாம்.

இவற்றையெல்லாம் ஆராயாது, கலியாணம் பேசும் வீடுகளில் பெண்ணுக்கு முதலில் வாங்குவது வெண்மையாக்கும் கிறீம். சிலவற்றில் பாதரசம் உண்டு. அது மெலனின் ஆக்கத்தைத் தடுப்பதோடு சிறுநீரகத்தையும் தாக்கும். 2013 இல் ஏற்கப்பட்ட மினமாற்றா உடன்படிக்கை இத்தகைய பூச்சுக்களை விலக்குகின்றது. எனினும் அவை கடைகளில் அகப்படுகின்றன. சேர்பொருட்களின் பெயர் இல்லாத சிமிழையும், "பொன், வெள்ளி நகைகளிற் படாது பூசுக" என்னும் குறிப்புடைய சிமிழையும் வாங்காதீர்கள். வேறு சிலவற்றில் ஸ்டெரொயிட் மருந்து கலந்திருக்கும். முதலில் முகம் பளபளக்கும், பின்னர்த் தோல் மெலிந்து சிவக்கும். ஏற்கெனவே பூசி வருவோர் சிமிழையும் எடுத்துக்கொண்டு தோல்நோய் வைத்தியரிடம் செல்லுதல் நன்று. பெயர் தெரியாத பூச்சை விளக்குவதிலும் காட்டுவது எளிது.